கடைசியில் பயர்பாக்ஸ்தான்

எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிரவுசரில் நாம் சேர்க்கும் குட்டி நிரல்கள்) கூகுள் போட்ட புது விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்ததால், குரோமில் விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினுக்குக் கதவடைப்பு. முன்பு பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்டென்ஷனே பார்த்துத் தடுக்கும். இப்போது விதிப்பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தடுப்பது பிரவுசரின் வேலை. இந்தப் புது முறைக்கென்று வந்த யூபிளாக்கின் லைட் பதிப்பு பரவாயில்லை ரகம். ஆனால் எந்தத் தளத்தில் எந்த ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) ஓடலாம் என்று சிவப்பு, பச்சைக் கட்டங்களைத் தட்டி நானே முடிவுசெய்யும் வசதி அதில் கிடையாது. எனக்கு அதுதான் உயிர்.

பிரேவ் என்ற இன்னொரு பிரவுசரில் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது. கிரிப்டோ நாணயத்துக்கான வாலட்டும் கூடவே இருக்கிறதே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

பயர்பாக்ஸ் பழைய முறையைக் கைவிடவில்லை. (அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் கொடுப்பது என்பது தனிக் கூத்து.) ஆண்ட்ராய்டிலும் யூபிளாக் ஆரிஜின் போடலாம். அம்மா போனிலும் போட்டுவிட்டேன்; சமையல் குறிப்புக்கு நடுவே இப்போது ரம்மி விளம்பரம் குதிப்பதில்லை.