எல்லைக்கோடு போட்ட பிறகு வந்த ஏக்கர் கணக்கு

1947 ஜூலை 8 அன்று டெல்லி வந்து சேர்ந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப், பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் கோட்டை ஏறத்தாழ ஐந்து வாரத்தில் போட்டு முடித்தார். அது ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. எல்லையோர மாவட்டங்களில், தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலேயே சுதந்திர தினம் கழிந்துபோனது. கோடு போட ஐந்து வாரம் ஆனது. அந்தக் கோடு பறித்த நிலத்துக்கு மாற்று நிலம் கொடுத்து முடிக்கவோ பல ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் வருவாய்த் துறைக்காரர்கள். பட்டா, சிட்டா, அடங்கலோடு புழங்குகிற நாம், இந்தியாவின் பங்காக வந்த கிழக்குப் பஞ்சாபில் நடந்த அந்த வேலையை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் மதிப்பீடுகள் இரண்டு லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடையே அலைகின்றன. நிலக் கணக்கு அப்படி அல்ல, அது ஏடாக இருக்கிறது.

அடிப்படைச் சிக்கல் எளிமையானது. பாகிஸ்தானுக்குப் போன மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்தது ஏறத்தாழ 67 லட்சம் ஏக்கர். கிழக்கே முஸ்லிம்கள் விட்டுச் சென்றது ஏறத்தாழ 47 லட்சம் ஏக்கர். பரப்பில் 20 லட்சம் ஏக்கர் துண்டு விழுந்தது. மண்ணின் தரத்தைப் பார்த்தால் இழப்பு அதைவிடப் பெரிது. மேற்கே லயல்பூர், மாண்ட்கோமரி பக்கத்து நிலம் கால்வாய்ப் பாசனம் பெற்றது. சதுரமாக அளந்து, 25 கில்லாக்கள் (ஒரு கில்லா ஏறத்தாழ ஓர் ஏக்கர்) சேர்ந்தது ஒரு முரப்பா என்று ஒழுங்காகப் பிரிக்கப்பட்டது. கிழக்கின் தென்பகுதியிலோ பெரும்பகுதி மானாவாரி, அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்க முதலில் நேரமில்லை. அக்டோபர், நவம்பரில் கோதுமை விதைக்காவிட்டால் அடுத்த கோடையில் சாப்பாடு இருக்காது. அதனால் முன்பு எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று கேட்காமல், குடும்பத்துக்கு 10 ஏக்கர் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். விதைக்கும் கருவிகளுக்கும் கடன் கொடுத்தார்கள். இது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் விதைத்தவர் தன் நிலமாகவே நினைத்து உழைத்த அதே 10 ஏக்கர், பிறகு நிரந்தர ஒதுக்கீட்டில் வேறொருவர் பெயருக்குப் போகக்கூடும். ஒருமுறை ஊரைவிட்டு வந்தவர்கள் இரண்டாம் முறையும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

நிரந்தர ஒதுக்கீட்டுக்கான மனுக்கள் 1948 மார்ச் 10 முதல் வாங்கப்பட்டன. ஒரு மாதத்துக்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் குவிந்தன. ஜலந்தரில் ஏழாயிரம் பேர் வரை வேலை பார்த்த மறுவாழ்வுச் செயலகத்துக்குத் தலைமை தாங்கியவர் தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. ஓடிவந்தவர்களில் பலர் கையில் ஒரு காகிதமும் இல்லை. எனவே அதே ஊரிலிருந்து வந்த மற்றவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து, மனுவை உரக்கப் படித்தார்கள். அவர்கள் சரி என்றால் ஏற்பு, தப்பு என்றால் திருத்தம் அல்லது தள்ளுபடி. கூட்டிச் சொன்னவருக்குக் கிடைக்கவேண்டிய நிலத்தில் வெட்டு விழுந்தது. மிக மோசமான பொய்க்குச் சிறையும் உண்டு. பிறகு இரு பஞ்சாபுகளும் ஜமாபந்தி நகல்களைப் பரிமாறிக்கொண்டபோது வாய்மொழியை ஏட்டோடு ஒப்பிட முடிந்தது. (அங்கே ஜமாபந்தி என்பது அந்நாளில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதிய உரிமைப் பதிவேடு, நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் கணக்குத் தணிக்கை அல்ல.) இரண்டு நாடுகள் ஒன்றையொன்று எதிரியாகப் பார்த்த நேரத்தில் இந்த ஏடுகள் எல்லை தாண்டின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் குறையவில்லை.

அடுத்தது கணக்கு. வெவ்வேறு மண்ணை ஒரே தராசில் நிறுக்க ஸ்டாண்டர்டு ஏக்கர் என்ற அளவை வகுத்தார்கள். நம் நில உச்சவரம்புச் சட்டத்திலும் இதே பெயரில் ஓர் அளவு உண்டு. அங்கே அதன் பொருள், 10 அல்லது 11 மணங்கு (அங்கே ஒரு மணங்கு ஏறத்தாழ 37 கிலோ) தானியம் விளையும் நிலம். நல்ல கால்வாய் நிலத்தில் ஓர் ஏக்கரே கிட்டத்தட்ட ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். மானாவாரியில் நான்கு ஏக்கர் சேர்ந்தால்தான் ஒன்று. அதன் மேல், துண்டு விழுந்ததை ஈடுகட்டப் படிப்படியான வெட்டு: முதல் 10 ஏக்கருக்கு 25 விழுக்காடு, 10 முதல் 30 வரைக்கு 30 விழுக்காடு, இப்படி ஏறி 500 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதிக்கு 95 விழுக்காடு. லயல்பூரில் 25 ஸ்டாண்டர்டு ஏக்கர் வைத்திருந்தவருக்கு முதல் பத்தில் ஏழரை, மீதிப் பதினைந்தில் பத்தரை, ஆக 18 கிடைக்கும். அதை மானாவாரியில் கொடுத்தால் 72 ஏக்கர். ஏட்டில் பார்த்தால் நிலம் பெருகியதுபோல் தெரியும். ஆனால் வாய்க்கால் தண்ணீரில் விளையவைத்துப் பழகியவர், மழையை நம்பி 72 ஏக்கரை உழ எத்தனை ஜோடி மாடு வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. பழைய ஒதுக்கீட்டு ஏடுகளைப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். ஏட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரா, சாதாரண ஏக்கரா என்று முதலில் பார்க்காவிட்டால் மேலே போட்ட கூட்டல் முழுக்கத் தவறிவிடும்.

1949 நவம்பருக்குள் இரண்டரை லட்சம் ஒதுக்கீடுகள் முடிந்தன. உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத வேகம் அது. எதிர்த்து வந்த மறுஆய்வு மனுக்களே ஒரு லட்சத்தைத் தொட்டன. தாத்தா பெயரிலேயே கிடந்த நிலம், அடமானத்தில் இருந்த நிலம், பங்காளிகள் நடுவே பிரிக்காத நிலம் என்று எந்த வருவாய் அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய வழக்குகள்தான் அங்கும் வந்திருக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர் வழியில் செத்துப்போயிருக்கலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

வங்காளத்துக்கு இப்படி ஒரு நிலப் பங்கீடு நடக்கவில்லை. அங்கே மக்கள் ஒரே மூச்சில் வராமல் ஆண்டுக்கணக்கில் அலையலையாக வந்தார்கள். பின்னாளில் பலரை மத்திய இந்தியக் காட்டுப் பகுதியான தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றோரம் வயல் வைத்திருந்தவர்களுக்கு அந்த மேட்டுக்காட்டு மண் பிடிபடவில்லை.

பெண்களின் கதை வேறு ஏட்டில் இருக்கிறது. அன்றைய பஞ்சாப் வழக்காற்றுச் சட்டப்படி விதவைக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டுமே. நிலம் ஆண் வழியில் போனது. கடத்தப்பட்ட பெண்களுக்காக 1949இல் தனிச் சட்டம் வந்தது. 1947 மார்ச் 1க்குப் பிறகு வேற்று மதத்தவர் வீட்டில் இருந்த பெண்ணைக் கடத்தப்பட்டவளாகவே அது எடுத்துக்கொண்டது. போக மாட்டேன் என்று அவள் சொன்னாலும் தீர்ப்பாயம் அதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. நிலத்துக்கு மனுப் போட்டவரின் வாய்ச்சொல்லை ஊரைக் கூட்டிக் கேட்ட அதே அரசு, தன் வாழ்க்கையைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜமாபந்தியில் உரிமையாளர் கலத்துக்கு அடுத்து சாகுபடியாளர் கலம் இருக்கும். மேற்குப் பஞ்சாபின் பழைய ஏடு கையில் கிடைத்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள். நிரந்தர ஒதுக்கீடு முதல் கலத்தில் இருந்தவர்களுக்குத்தான் போனது. குத்தகைக்கு உழுதவர்களும், எந்தக் கலத்திலும் பெயர் இல்லாத தலித் கூலிகளும் அதே சாலைகளில்தான் நடந்து வந்தார்கள். அவர்கள் மனுவில் எழுத ஏக்கர் எதுவும் இல்லை.