மாமியாரின் கொள்ளுத்தாத்தாவும் ஒரு பென்ஷன் கோப்பும்

என் மாமியார் மிச்சிகன்காரர். அவர் வீட்டுக் கூடத்தில் வாளைப் பிடித்தபடி நிற்கும் ஓர் இளைஞரின் பழைய படம் மாட்டியிருக்கிறது. அது மாமியாரின் கொள்ளுத்தாத்தா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் 7ஆம் மிச்சிகன் குதிரைப்படையில் இருந்தவர். 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஜெனரல் கஸ்டர் தலைமையில் பாய்ந்த படை அது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அவ்வளவுதான். போருக்கு அப்புறம் அவர் எப்படி வாழ்ந்தார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாமியார் ஒருநாள் கேட்டார். அப்படித்தான் தேட ஆரம்பித்தோம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இணையத்தில் வைத்திருக்கும் போர்வீரர் பட்டியல் இலவசம். ஆனால் அதில் பெயர், படைப்பிரிவு, பதவி, கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஊர் இல்லை, வயது இல்லை. ஒரே பெயரில் மூன்று பேர் வந்தார்கள். போர்வீரர்களுக்கும் விதவைகளுக்கும் அரசு கொடுத்த பென்ஷனுக்கான அட்டவணை அட்டையைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது, அதில் விதவையின் பெயரும் இருக்கும், எங்களுக்கு அந்தப் பாட்டியின் பெயர் தெரியும்.

அடுத்து அவருடைய பென்ஷன் கோப்பின் நகலை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பணம் மிச்சமாகட்டும் என்று 30 டாலருக்குத் தேர்ந்தெடுத்த பக்கங்களை மட்டும் வாங்கினேன். அப்படிச் செய்யாதீர்கள். அதில் சில பக்கங்கள்தான் வரும், மீதி எல்லாம் முழுக் கோப்பில்தான். மறுபடி 80 டாலர் கட்டி முழுக் கோப்பைக் கேட்டேன் (100 பக்கம் வரைக்கும் அந்தக் கட்டணம்), பல வாரம் காத்திருந்தோம்.

வந்ததைப் படிக்க இரண்டு இரவு ஆனது. மருத்துவர்கள் மனித உடலின் முன்புறம் பின்புறம் வரைந்த தாளில் அவருக்கு எங்கே வலி என்று குறித்திருக்கிறார்கள்: இடுப்பு, முழங்கால், சேணத்திலேயே கிடந்ததால் வந்த மூலநோய். 1898இல் அரசு அனுப்பிய கேள்வித்தாளில் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், எங்கே யார் மணம் செய்துவைத்தார்கள், உயிரோடிருக்கும் பிள்ளைகள், அவர்கள் பிறந்த தேதி, எல்லாம் அவர் கையெழுத்திலேயே. ஐந்து பெயர்கள். மூன்றாவது பெயர் மாமியாரின் தாத்தா.

அவர் இறந்ததும் பாட்டி பட்ட பாடுதான் என்னை உலுக்கியது. 1908 சட்டப்படி விதவைக்கு மாதம் 12 டாலர் உண்டு, ஆனால் 1890 ஜூன் 27க்கு முன்பே திருமணமாகியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லை. நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தவள், தான் மனைவிதான் என்று நிரூபிக்க அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறாள். மாமியார் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

சரி, கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தோம். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பின் அழிந்துவிட்டது, ஆனால் போர்வீரர்களுக்கென்று தனியாக எடுத்த பட்டியல் மிச்சிகனுக்குத் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1900 கணக்கெடுப்பில் தாய்மார்களிடம் எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டி சொன்னது ஏழு, ஐந்து.

அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லை. மிச்சிகனில் 1867லிருந்து பிறப்பு, இறப்புப் பதிவு உண்டு. அடுத்த வாரம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறேன்.