இரத்தத்துளிப் பூச்சியும் வெள்ளவத்தைக் கூழும்

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தும் அந்த ஓட்டோக்காரர் மேல் கோபம் ஆறவில்லை. வெள்ளவத்தையில் இருந்து கொழும்பு நூதனசாலைக்கு 2000 ரூபாய்! மீட்டர் பழுதாம். திரும்பும்போது வேறு ஓட்டோ, மீட்டர் காட்டியது 610. பக்கத்தில் வெளிநாட்டுச் சப்பாத்தோடு ஒரு பெடியன் நின்றால் மீட்டர் பழுதாகிவிடும் போல.

பெடியன் அண்ணாவின் மகன், சுவிஸில் இருந்து விடுமுறைக்கு வந்தவன். பதினொரு வயது. காலிமுகத்திடல் வேண்டாமாம், அந்துப்பூச்சிதான் பார்க்க வேண்டுமாம். 1877 இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம், பக்கத்து இயற்கை வரலாற்று நூதனசாலை, இரண்டையும் சுற்றினோம். நேரம், கட்டணம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். வெளியே மரநிழலில் அவன் தொலைபேசியை நீட்டியதும் அதெல்லாம் மறந்துபோனது.

"சித்தப்பா, இதுதான் என்ர பூச்சி."

அவர்கள் இருப்பது வலே மாநிலத்தில். சுவிஸ் என்றதும் பச்சைப் புல்லும் பனியும்தானே நினைவு வரும்? அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் உயர்ந்த மலைகள் மழையை மறித்துவிடுவதால், வெயில் விழும் சரிவுகள் காய்ந்து கிடக்குமாம். அங்கே வாழ்வது இந்தச் சைகீனா கார்னியோலிக்கா என்ற அந்துப்பூச்சி. சிறகு விரித்தால் மூன்று சென்ரிமீற்றர்தான். கருஞ்சிறகில் சிவப்புப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி வெண்கரை. இந்த வகைப் பூச்சிகளை ஜேர்மன் மொழியில் 'சின்ன இரத்தத்துளி' என்பார்களாம். அந்துப்பூச்சி இரவில் விளக்கடிக்கு வருவது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இது பட்டப்பகலில் பறக்கிறது! பொழுதுபட்டால் ஒரே பூவில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தூங்கும்.

சிவப்பு அழகுக்கு இல்லை, குருவிக்கு எச்சரிக்கை. கொத்தினால் சயனைட்.

"எங்கட மரவள்ளியில இருக்கிற அதே சாமான், சித்தப்பா."

சயனைட்டை வெளிவிடும் லினமரின் என்ற பொருளாம். புழு, தான் தின்னும் செடியில் இருந்தும் அதை எடுக்கும், தானாகவும் உடம்பில் உண்டாக்கும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்று அம்மம்மா வெருட்டியது ஞாபகம் வந்தது. மூடாமல் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுவதும் அந்த நஞ்சைப் போக்கத்தானே.

மத்தியானம் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, பலா இலையைக் கோலிக் குடிக்கும் அந்தக் காரம்! கொழும்பில் எந்தக் கடையில் காசு கொடுத்தாலும் இந்த ருசி வராது. காசும் இல்லை என்பது வேறு சந்தோசம். மூக்கு வழிய வழிய இரண்டாம் முறையும் வாங்கினான் பெடியன். மரவள்ளித் துண்டுகளை மட்டும் தேடித்தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் தின்றான்.