எந்த சுப்பையா?

எங்கள் குடும்பத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஆகவே பரம்பரை முழுக்க சுப்பையா, பேச்சிமுத்து, மறுபடி சுப்பையா, மறுபடி பேச்சிமுத்து. வம்சாவளி எழுத உட்கார்ந்தால் தலை சுற்றும். இனிஷியலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு இதுதான் வேலை. "பென்ஷன் வாங்கிக்கிட்டு செத்தவங்களோட குடித்தனம் நடத்துதாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

டிரங்குப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும் 'பேச்சிமுத்து குமாரர் சுப்பையா' என்பது தெளிவாக இருந்தது. தேதி, கொல்லம் 1087 ஆவணி. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கு சாதாரணம். அது ஆவணியில் பிறப்பதால், ஆங்கில வருஷம் தெரிய மார்கழி பாதிவரைக்கும் 824, அப்புறம் 825 கூட்ட வேண்டும். அப்படியானால் 1911. பெட்டியிலேயே ஒரு சுப்பையாவின் ஜாதகமும் இருந்தது: பிரபவ வருஷம், வைகாசி. பிரபவ அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும், 1867லும் உண்டு, 1927லும் உண்டு. 1911இல் நிலம் வாங்கியவர் 1927இல் பிறந்திருக்க முடியாது. ஆக, ஜாதகம் பத்திரக்காரருடையது என்றால் 1867. பேரனுடையது என்றால் 1927. இதற்குப் பத்திரத்தில் பதில் இல்லை.

பதில் எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் கிடைத்தது. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் தங்கள் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். பொங்கல் பானைகளுக்கு நடுவே நோட்டும் பேனாவுமாக நான் அலைவேன். இந்த முறை ஒரு ஆச்சியிடம் கேட்டேன்.

"வைகாசியில பொறந்தவனா? அது கடையத்தா மவன் சுப்பையால்லா! கோயில் கொடைக்கு மறுநா பொறந்தான்னு எங்க அம்ம சொல்லுவா. மூத்த சுப்பையா ஆலங்குளத்தா மவம்யா."

சரி, ஜாதகம் பேரனுடையது. பத்திரத்தில் ஆணுக்கு அப்பன்தான் அடையாளம். ஊர்வாயில் அம்மா பிறந்த ஊர்தான் அடையாளம்: கடையத்தா என்றால் கடையத்துக்காரி, ஆலங்குளத்தா என்றால் ஆலங்குளத்துக்காரி. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டுவது இரண்டாவதுதான். ஆனால் அந்த அம்மாக்களுக்குப் பெயர் எங்கே?

"கடையத்தா பேரு என்ன ஆச்சி?"

"பேரா? கடையத்தான்னுதான் கூப்பிடுவோம்."

வம்சாவளிக் கட்டத்தில் இப்போதைக்கு 'கடையத்தா' என்றே எழுதியிருக்கிறேன். பிறந்த வீட்டில் அவளை ஊர்ப்பெயர் சொல்லியா கூப்பிட்டிருப்பார்கள்? அண்ணன் தம்பி வழியில் யாராவது அங்கே இருப்பார்கள். வெயில் கொஞ்சம் தணியட்டும், செங்கோட்டை ரயிலில் கடையம் போய் விசாரிக்க வேண்டும்.