படிகளில் கேட்ட தாளம்
1932-இல் வெளிவந்த ‘ஹார்லம் இஸ் ஹெவன்’ படத்தில் அமெரிக்க ‘டாப்’ நடனக் கலைஞர் பில் ராபின்சன், காலணியால் படிகளைத் தட்டித் தாளம் எழுப்பி ஆடும் படிக்கட்டு நடனத்தை நேற்றிரவு மூன்று முறை பார்த்தேன். உலோகத் தகடு இல்லாத, மர அடிப்பாகம் கொண்ட காலணியை அணிந்து, இடுப்புக்கு மேல் அதிகம் அசையாமல், முன்பாதங்களை ஊன்றியே அவர் ஏறி இறங்கும்போது, கண்ணை மூடிக்கொண்டாலும் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

அவரே நாயகனாக நடித்த ‘ஸ்டார்மி வெதர்’ (1943) படத்தின் இறுதியில், கேப் கேலோவேயின் இசைக்குழுவுக்கு நடுவே தாவிவரும் நிக்கலஸ் சகோதரர்கள் என்னும் இரு நடனக் கலைஞர்கள், பெரிய படிக்கட்டில் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்து, கால்களை முன்னும் பின்னுமாக முழுவதும் விரித்துத் தரையில் படிந்து, கையை ஊன்றாமலே எழுகிறார்கள். (என் முழங்கால் பார்க்கும்போதே வலித்தது.) காமிராவும் பெரும்பாலும் விலகி நின்று, தலை முதல் பாதம் வரை காட்டுகிறது.