படிக்கட்டில் கிடந்த ஜாக்கெட்டுகள்

2024 நவம்பரில் சியோலில் ஒரு மகளிர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் போஸ்ட் டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்தேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பிரதான கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க ஜாக்கெட்டுகள். துறைப் பெயர் தெரியும்படி முதுகுப்பக்கத்தை மேலே வைத்து, கைகளை உள்ளே மடித்து, வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். 'குவாஜாம்' என்பார்கள். ஒவ்வொரு துறையும் தனக்கென்று தைத்து வாங்கும் ஜாக்கெட். குளிர்காலத்தில் பிள்ளைகள் அதைக் கழற்றவே மாட்டார்கள்.

அந்த மாதம்தான் தொங்டொக் மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆண்களையும் சேர்க்கும் யோசனை வெளியே தெரிந்து, மாணவிகள் கட்டடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேதம் 540 கோடி வோன் வரை போகும் என்றது நிர்வாகம். செய்தியில் அந்தத் தொகைதான் திரும்பத் திரும்ப வந்தது. மாணவிகள் என்ன கேட்கிறார்கள் என்பது வரவில்லை. எங்கள் வளாகத்துப் பிள்ளைகள் அவர்களுக்குத் துணையாகத்தான் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

ஆய்வகத்தில் ஒரு முதுகலை மாணவி என்னை 'ஒன்னி' என்பாள். அக்கா என்று அர்த்தம். "பையன்களும் வந்து படித்தால் என்ன?" என்று அவளிடம் கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

"அது அப்புறம் ஒன்னி. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?"

இஹ்வா மகளிர் பல்கலைக்கழகக் கதையை அவள்தான் சொன்னாள். 2016 ஜூலையில், வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தனிக் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார்கள். கேட்க நல்ல திட்டம்தான். மாணவிகளைப் பட்டத்தின் மதிப்புக்காகச் சண்டை போடுகிறவர்கள் என்று ஏசியவர்களும் உண்டு. ஆனால் யாரையும் கலந்து பேசவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை வெளியேற்ற 1,600 போலீஸ் வந்தபோது, பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஒரு பாப் பாட்டைப் பாடினார்கள். ஆகஸ்ட் 3 அன்று திட்டம் கைவிடப்பட்டது. அப்போதும் மாணவிகள் எழுந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக வேண்டும் என்றார்கள். போராட்டத்துக்குத் தலைவி என்று ஒருத்தி கிடையாது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அதற்கு 'நத்தை ஜனநாயகம்' என்றே பெயர். அப்போதைய தென்கொரிய அதிபர் பார்க் கியூன் ஹேயின் நெருங்கிய தோழி சோய் சூன் சில்லின் மகளுக்கு அங்கே முறைகேடாக இடம் கொடுத்த விவகாரமும் அந்த நாட்களில்தான் வெடித்தது. அக்டோபர் 19 அன்று பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். 86 நாள் போராட்டம் அது.

எங்கள் அலுவலகம் வெளிநாட்டு ஊழியர்களைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தது. விசா பயம், நானும் அப்படியே போய் வந்தேன்.

நவம்பர் 27 அன்று சியோலில் நவம்பர் மாதம் அதுவரை பார்க்காத பனி. அன்று முன்வாசல் வழியாகப் போனேன். ஐந்தாறு பிள்ளைகள் குனிந்து, ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து உதறி, அதே இடத்தில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு நானும் ஒன்றை எடுத்து உதறினேன். நனைந்து கனத்திருந்தது. எந்தப் படியில் இருந்தது என்று தெரியாமல் நின்றேன். ஒருத்தி வந்து இடத்தைக் காட்டினாள்.