அழைப்புக் கடிதத்தில் ஓர் எழுத்து

வணிகப் பயண விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கிக் கணக்கு அறிக்கையைப் பலமுறை சரிபார்க்கிறவர்கள்கூட, அழைக்கும் நிறுவனம் அனுப்பும் கடிதத்தை வந்தபடியே இணைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், கையொப்பமும் முத்திரையுமாக வந்த என் முதல் கடிதம் பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் கடவுச்சீட்டு எண்ணில் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்து உட்கார்ந்திருந்ததை, விண்ணப்ப மையத்தில் இருந்தவர்தான் விரல் வைத்துக் காட்டினார். திருத்திய கடிதம் வந்து சேர ஒன்பது நாள்கள் ஆயின.

அதன் பிறகு, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, பதவி, தங்கும் நாள்கள், சந்திக்க இருப்பவர், செலவை ஏற்பவர் ஆகிய விவரங்களை நானே எழுதி அனுப்பிவிடுகிறேன். ‘வணிகப் பேச்சுவார்த்தைக்காக’ என்ற மழுப்பலான வரியைவிட, ‘இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்து ஒப்பந்தத்தை முடிவு செய்ய’ என்ற வரி அதிகாரிக்குத் தெளிவாகப் புரியும். பலமுறை சென்று வர வேண்டியிருந்தால், அடுத்தடுத்த பயணங்களின் தேவையையும் அதே கடிதத்தில் குறிப்பிடச் சொல்லிவிடுவது நல்லது. குறுகிய கால விசாவில் ஷெங்கன் நாடுகளில் (பொதுவான ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது என்பதால், தேதிகளைக் கூட்டிப் பார்த்த பிறகே அவற்றை அனுப்புகிறேன்.